கரையில் விட்ட படகும் ஓர் அமானிதமே

தமிழகத்தின் கிழக்குக் கரையில் பழவேற்காடு தொடங்கிப் பரங்கிப்பேட்டை, நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் எனத் தெற்கே நீளும் ஊர்களில், ஏதேனும் ஒரு வகையில் கடலோடு உறவு கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். முன்னோர் மரக்கலம் ஏறி வாணிபம் செய்தனர். அவர்தம் வழித்தோன்றல்களில் சிலர் இன்றும் கடலில் இறங்கி உழைக்கின்றனர். வேறு சிலர் வளைகுடா நாடுகளில் பாடுபட்டுச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு பைபர் படகும் இயந்திரமும் வாங்கி, ஊரில் உள்ள உறவினரிடமோ தொழிலாளரிடமோ பங்கு முறையில் ஒப்படைத்துள்ளனர்.

படகு கடலில் இருக்கும்போது அதனைப் பற்றிக் கவலைப்படாதவர் எவருமில்லை. தொழில் முடிந்து அது கரையேறிவிட்டால் அந்தக் கவலையும் கரையேறிவிடுகிறது. "அதுதான் மணலில் கிடக்கிறதே, இனி அதற்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்று எண்ணிவிடுகிறோம். உண்மை நிலையோ வேறு. வெயில், மழை, புயல், திருட்டு, கவனிப்பாரற்ற நிலை ஆகிய ஐந்தும் கரையில்தான் படகுக்காகக் காத்திருக்கின்றன. பல ஆண்டு உழைப்பின் பயனாக வந்த ஒரு பொருள், ஒருநாள்கூடக் கடலுக்குச் செல்லாமலேயே பாழாகிவிட முடியும்.

வீட்டிலிருந்து தொலைவில் படகை நிறுத்தி வைக்க நேரும் குடும்பங்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசைப்படுத்திக் காண்போம். இடம், கட்டு, ஆள் என மூன்று சொற்களில் இதனை அடக்கிவிடலாம். இம்மூன்றில் நாம் பெரிதும் அலட்சியப்படுத்துவது மூன்றாவதையே.

கரை தந்த பாடங்கள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது நாகப்பட்டினத்தில் பெரும் படகுகளும் ஊருக்குள் தூக்கி எறியப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. அது முன்னறிவிப்பின்றி வந்த பேரிடர். ஆனால், 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் அவ்வாறு வரவில்லை. பல நாள்களுக்கு முன்பே வானிலைத் துறை எச்சரித்தது. படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிறுத்தப்பட்டன. ஆயினும் மல்லிப்பட்டினம் போன்ற இடங்களில் கட்டிக் கிடந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. படகைக் கடலுக்கு அனுப்பாமல் இருப்பது ஒன்று. அதனைக் கரையில் பாதுகாப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஓர் இரவு உணர்த்திச் சென்றது.

படகு வீட்டை விட்டு விலகிக் கிடப்பதற்குக் காரணங்கள் பல. வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைக் கரையில் கடல் கொந்தளிக்கும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் அலை மிகும். ஆகவே, இராமநாதபுரம் மாவட்டத்தில் பருவத்துக்கேற்பப் படகுகளை வடகடலிலிருந்து தென்கடலுக்கும், அங்கிருந்து இங்குமாக மாற்றிக் கொள்வோர் உண்டு. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் யாவும் ஓய்வில் நிற்கும். உரிமையாளர் சபரில் இருக்க, ஓட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் படகுகளும் உண்டு. காரணம் எதுவாயினும் பாதுகாப்பு முறை ஒன்றே.

முதலாவது: இடம்

படகை நிறுத்தும் இடம் வழக்கமான அலை தொடும் எல்லைக்கு மேலே இருந்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் ஏறும் எல்லையைப் பார்த்து, அதற்கும் மேலே இடம் தேர்வு செய்ய வேண்டும். புயல் காலத்தில் கடல்நீர் இதனையும் தாண்டி உள்ளே வரும். எனவே, மாதக்கணக்கில் நிறுத்துவதாயின் ஊரின் மேட்டுப் பகுதிக்கே கொண்டு செல்வது நன்று.

ஆற்று முகத்துவாரம் அமைதியாகத் தோன்றும். ஆனால், பெருமழையில் மேலிருந்து வரும் வெள்ளமும் கடலிலிருந்து ஏறும் நீரும் சந்திக்கும் இடம் அதுவே என்பதை மறத்தலாகாது.

தென்னை மரத்தடி நிழல் தரும். புயலில் அதே மரம் எமனாகும். கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் வீழ்ந்த தென்னைகளைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மின்கம்பியின் கீழும், பழுதடைந்த சுவரின் அருகிலும் படகை நிறுத்தக் கூடாது. இரு படகுகளுக்கிடையே ஆள் நடந்து செல்லும் அளவுக்காவது இடைவெளி வேண்டும்.

இடம் பிறருடையதாக இருந்தால் நிலத்துக்குரியவரின் அனுமதியைப் பெற்றுக் கொள்ளுங்கள். ஊர்ப் பொது இடமாயின் ஊர் நிர்வாகத்தாரிடம் தெரிவித்து விடுங்கள். நள்ளிரவில் படகை நகர்த்த வேண்டிய நிலை வந்தால், வழியை அடைத்து நிற்பவர் யார் என்ற சச்சரவு அப்போது எழக் கூடாது.

இரண்டாவது: கட்டு

பைபர் படகின் உடல் நீரில் மிதக்கும்போது எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கப்படுகிறது. தரையில் அப்படியில்லை. இரண்டு கட்டைகளின் மேல் மட்டும் அதனை வைத்துவிட்டால், முழுப் பாரமும் அவ்விரு இடங்களிலேயே இறங்கி, நாளடைவில் உடல் வளைந்து விரிசல் காணும். அடிப்பகுதியின் நடுமுதுகு நீளமாகத் தரையில் பதிய வேண்டும். இருபுறமும் மணல் மூட்டைகளையோ பழைய டயர்களையோ அணைத்து வைத்து, படகு ஆடாமல் நிறுத்த வேண்டும். முன்பக்கம் சிறிது உயர்ந்தும், பின்பக்கம் தாழ்ந்தும் இருத்தல் அவசியம். உள்ளே விழும் மழைநீர் பின்புறம் உள்ள வடிதுளை வழியே வெளியேற இதுவே வழி.

அந்த வடிதுளையின் அடைப்பானைக் கழற்றி வைப்பது மிகச் சிறிய வேலை; மறப்பதால் விளையும் கேடு மிகப் பெரிது. பத்துச் சதுர மீட்டர் திறந்த பரப்புள்ள படகில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், உள்ளே சேரும் நீர் 1000 லிட்டர். அதாவது ஒரு டன் எடை! தரையில் கிடக்கும் படகு இந்தப் பாரத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. கழற்றிய அடைப்பானை ஒரு கயிற்றில் கட்டி, படகுச் சாவியுடன் வைத்து விடுங்கள். மீண்டும் கடலில் இறக்கும் நாளில் அதனைத் தேடி அலைய வேண்டியிராது.

அடுத்தது கயிறு. மரத்தில் கட்டுவதைவிட மணலில் புதைத்த கட்டையில் கட்டுவது உறுதியானது. கனத்த மரக்கட்டை ஒன்றின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் படுக்கை வசமாகப் புதைத்து, மணலை மிதித்து இறுக்க வேண்டும். கயிறு சாய்வாக மேலே வந்து படகைப் பிடிக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பக்கமும் இவ்வாறு கட்டினால் படகு எப்பக்கமும் திரும்பாது. ஒரு படகை மற்றொரு படகோடு பிணைக்காதீர்கள். ஒன்று அறுத்துக் கொண்டால் இரண்டும் சேர்ந்தே அழியும்.

வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறு வெளியே புதிதாகத் தோன்றினாலும் உள்ளே பொடிந்து போகும். பருவம் தொடங்குமுன் கயிற்றை முறுக்கிப் பிரித்துப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் மாற்றி விடுங்கள். படகின் விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் பழைய ரப்பர்க் குழாயைச் செருகுவது கயிற்றின் ஆயுளைக் கூட்டும்.

வெயிலிலிருந்து காக்கத் தார்ப்பாய் போர்த்துவது நல்லதே. காற்றோட்டத்துக்கு இடம் விட்டுப் போர்த்த வேண்டும்; இல்லையேல் உள்ளே ஈரம் தங்கி மரப்பகுதிகள் இற்றுப் போகும். ஆனால், புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலையாகத் தார்ப்பாயை அகற்றிவிட வேண்டும். அது பாய்மரம் போல் காற்றை வாங்கிப் படகையே புரட்டிவிடக் கூடியது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கட்டு 120 கிலோமீட்டர் காற்றையும் தாங்கிவிடும் என்று நம்பியிருப்பது பேதைமை.

வண்டியில் ஏற்றுவதாயின்

படகைக் கரையிலிருந்து உள்ளே கொண்டு வர டிராக்டர் டிரெய்லரோ லாரியோ தேவைப்படும். ஏற்றும்முன் இயந்திரத்தைக் கழற்றித் தனியே வைத்து, உள்ளிருக்கும் நீரை முழுவதும் வடித்து விடுங்கள். முன்னும் பின்னும் நடுவிலுமாக மூன்று இடங்களில் படகை வண்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வண்டிக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் முனையில் பகலில் சிவப்புத் துணியும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்கட்டும். சற்றுத் தூரம் சென்றதும் வண்டியை நிறுத்தி, கட்டுகள் தளர்ந்துள்ளனவா என ஒருமுறை பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

வளைகுடா நாடுகளில் படகை இழுவண்டியின் மேலேயே ஆண்டு முழுவதும் நிறுத்தி வைத்திருப்பதைச் சபராளிகள் பலரும் கண்டிருப்பர். அவ்வாறு நிறுத்துவோர் வண்டியின் கொக்கிக்கும் ஒரு சக்கரத்துக்கும் தனித்தனியே பூட்டிடுகின்றனர். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, அச்சுக்கு அடியில் கட்டை வைத்து, டயர்களின் மேலுள்ள பாரத்தைக் குறைக்கின்றனர். ஊரில் டிரெய்லரிலேயே படகை விட்டு வைப்போரும் இம்முறையைப் பின்பற்றலாம். வண்டியை எளிதில் இழுத்துச் செல்ல முடியும் என்பது நமக்கு வசதி. திருடனுக்கும் அதுவே வசதி.

இயந்திரம் வீட்டுக்கு வரட்டும்

திருடர்களின் கண் முதலில் படுவது அவுட்போர்டு இயந்திரத்தின் மீதுதான். இருவர் சேர்ந்து தூக்கிச் செல்லக் கூடிய, எங்கும் விலைபோகக் கூடிய பொருள் அது. ஆகவே, படகை நீண்ட நாள் நிறுத்தும்போது இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்கோ பூட்டிய கிடங்குக்கோ கொண்டு வந்து விடுங்கள். திசைகாட்டும் கருவி, மின்கலம், உயிர்காப்புச் சட்டைகள், வலைகள் ஆகியவற்றையும் படகில் விட்டு வைக்க வேண்டாம். வலையைத் தரையில் குவித்தால் எலி கடிக்கும். உலர்த்தி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

கழற்றுமுன் நன்னீரில் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு உட்புறத்து உப்பைக் கழுவ வேண்டும். பின்னர் எரிபொருள் குழாயை அகற்றி, உள்ளே எஞ்சியிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுங்கள். தேங்கும் எரிபொருள் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். கீழ்ப்பகுதியிலுள்ள கியர் எண்ணெயையும் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். அதனை அப்படியே விட்டால் பல் சக்கரங்கள் துருவேறிப் போகும்.

குடும்பத் தலைவியர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எரிபொருள் நிறைந்த தொட்டியை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று சமையலறை அடுப்பில் பற்றிக் கொள்ளக் கூடியது. இயந்திரம் நன்கு வடிக்கப்பட்டு, நிமிர்ந்த நிலையில் ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டு, சிறுவர் கைபடாத இடத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது: ஆள்

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். "காக்கா ஊரில்தான் இருக்கிறார், பார்த்துக் கொள்வார்"; "மச்சான் தினமும் கடற்கரைக்குப் போகிறார், கவலையில்லை" என்ற சொற்களோடு நம் பாதுகாப்பு ஏற்பாடு முடிந்து விடுகிறது. காக்காவிடம் எதைப் பார்த்துக் கொள்ளச் சொன்னோம்? மழை பெய்தால் யார் போய்ப் பார்ப்பது? கயிறு இற்றுவிட்டால் யார் பணத்தில் மாற்றுவது? படகைக் கடலுக்கு எடுத்துச் செல்ல அவருக்கு உரிமை உண்டா? இவை எதுவும் பேசப்படுவதில்லை. சேதம் ஏற்பட்ட பின்னரே பேச்சு தொடங்குகிறது. அப்போது உடைவது படகு மட்டுமல்ல, உறவும் உடைகிறது.

பிறர் பொருளைப் பாதுகாப்பாக வைத்திருக்க ஏற்றுக் கொள்வது அமானிதம். அதனை ஏற்றவர் தம் கவனக்குறைவின்றி நேர்ந்த இழப்புக்கு ஈடு தர வேண்டியதில்லை. அலட்சியத்தால் நேர்ந்தாலோ, அனுமதியின்றிப் பொருளைப் பயன்படுத்தியதால் நேர்ந்தாலோ அவரே பொறுப்பு என்பது மார்க்கச் சட்டத்தின் பொதுவிதி. கூலி பெற்றுக் காப்பவர் போன்ற நுட்பமான நிலைகளுக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவின்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீது, சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளின் மீது காட்டும் கவனத்தைக் காப்பவர் காட்ட வேண்டும். அவ்வாறு காட்டியவர், தனி ஒப்பந்தம் இல்லாதபோது, இழப்புக்குப் பொறுப்பாகார் என்கிறது 152-ஆம் பிரிவு. ஒப்புக் கொண்டதற்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால் ஏற்படும் சேதத்துக்கு அவர் பொறுப்பு என்கிறது 154-ஆம் பிரிவு.

சிக்கல் எழுவதெல்லாம் "அலட்சியம் எது?" என்ற கேள்வியில்தான். புயலுக்கு முன் தார்ப்பாயை அகற்றாதது அலட்சியமா? அவ்வாறு செய்ய வேண்டும் என்று அவரிடம் யாரேனும் சொல்லியிருந்தார்களா? இதற்கு ஒரே தீர்வு, எழுதிக் கொள்வது. உறவினரிடம் எழுத்து கேட்பது நம்பிக்கையின்மை என்று கூசுகிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்ளுமாறு நம் மார்க்கமே அறிவுறுத்தியிருக்கும்போது, இதில் கூச்சத்துக்கு இடமேது? எழுத்து, காப்பவருக்கும் கவசமே.

ஒரு பக்கத் தாளில் கீழ்க்கண்டவை இடம்பெற்றால் போதுமானது:

1. படகின் பதிவு எண், இயந்திரத்தின் எண், உடன் ஒப்படைக்கும் பொருள்களின் பட்டியல்.

2. படகு நிற்கும் இடம்; இடத்துக்குரியவரின் ஒப்புதல்.

3. எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும் என்பது. வாரம் ஒருமுறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னரும் என்று எழுதலாம்.

4. கயிறு, தார்ப்பாய், ஆள்கூலி ஆகியவற்றுக்கான செலவு யாருடையது, எவ்வளவு வரை கேட்காமல் செலவிடலாம் என்பது.

5. படகைக் கடலுக்கு எடுத்துச் செல்லவோ பிறருக்குக் கொடுக்கவோ அனுமதி உண்டா, இல்லையா என்பது.

6. காப்பவர் ஊரில் இல்லாதபோது அவருக்குப் பதிலாகப் பார்ப்பவர் யார் என்பது.

7. காப்பவருக்குரிய கூலி அல்லது பங்கு.

8. இருவர் கையொப்பமும் இரு சாட்சிகளும்.

எச்சரிக்கை வந்தால் யார், என்ன செய்வது?

புயலுக்கு 72 மணி நேரத்துக்கு முன்னரே முதல் அறிவிப்பையும், 48 மணி நேரத்துக்கு முன் அடுத்த நிலை அறிவிப்பையும், 24 மணி நேரத்துக்கு முன் அதற்கடுத்த எச்சரிக்கையையும் வெளியிடுவது இந்திய வானிலைத் துறையின் முறை. துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கை எண்கள் 1 முதல் 11 வரை உள்ளன; 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயத்தைக் குறிப்பவை. அந்த எண்கள் ஏறிய பின்னர் படகைத் தேடிக் கடற்கரைக்கு ஓடுவது உயிருக்கே ஆபத்து.

முதல் அறிவிப்பு வந்த நாளே தார்ப்பாயை அகற்றி, எஞ்சிய பொருள்களை வீட்டுக்குக் கொண்டு வந்து விடுங்கள். இரண்டாம் அறிவிப்பின்போது கட்டுகளை இறுக்கி, படகின் உட்தளத்தில் நீளவாட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, வடிதுளை திறந்திருப்பதை உறுதி செய்யுங்கள். அதன்பின் படகை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தாருடன் பாதுகாப்பான இடத்தில் இருங்கள். எந்தப் படகும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

வீட்டு அலமாரியில் இருக்க வேண்டியவை

சபரிலிருக்கும் கணவரின் பெயரில் படகு இருக்கும். ஆவணம் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரியாது. பல இல்லங்களின் நிலை இதுதான். பதிவுச் சான்று, படகும் இயந்திரமும் வாங்கிய ரசீதுகள், மேலே சொன்ன ஒப்பந்தத் தாள், படகின் நான்கு பக்கப் புகைப்படங்கள், இயந்திர எண் தெரியும் புகைப்படம் ஆகியவற்றின் பிரதிகள் ஒரே உறையில் வீட்டில் இருக்க வேண்டும். சேதம் ஏற்பட்டு அரசு கணக்கெடுக்க வரும்போது முதலில் கேட்பது பதிவைத்தான். கணவருக்காக விண்ணப்பிக்கவும் கையொப்பமிடவும் வீட்டிலுள்ள ஒருவருக்கு முறையான அதிகாரப் பத்திரம் தந்து வைப்பது அலைச்சலைத் தவிர்க்கும்.

படகு காணாமற்போனால், "தேடிப் பார்ப்போம்" என்று நாள் கடத்தாதீர்கள். உடனே காவல் நிலையத்திலும் மீன்வளத்துறை அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1093. கடலோரக் காவல்படையின் எண் 1554. திருடப்பட்ட படகு கடத்தலுக்குப் பயன்படுத்தப்பட்டால், விசாரணை முதலில் வந்து நிற்பது பதிவில் உள்ள பெயருக்குரியவரின் வாசலில்தான். படகை விற்றுவிட்டவர்களும் பதிவுப் பெயரை மாற்றாமல் விட்டால் இதே இக்கட்டுக்கு ஆளாவர்.

அன்பு வாசகர்களே! வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னரே, வானம் தெளிந்திருக்கும் ஒருநாளில், இந்தப் பக்கங்களைக் கையில் எடுத்துக் கொண்டு உங்கள் படகு நிற்கும் இடத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். சபரில் இருப்பவர்கள் வீட்டாரை அனுப்பிப் பார்த்து வரச் சொல்லுங்கள். கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வடிதுளையைக் குனிந்து பாருங்கள். காப்பவரோடு அமர்ந்து அந்த ஒரு பக்கத் தாளை எழுதி முடியுங்கள். ஒரு பிற்பகல் போதும். காற்று எழும் இரவில் உங்கள் வீட்டாரும், அமானிதத்தை ஏற்ற அந்த உறவினரும், இன்ஷா அல்லாஹ், நிம்மதியாக உறங்குவர்.